மாதம் ஒருமுறை பாட்டும் பழமும் போதுமா? சபை விசாரிப்பு ஊழியம் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: எங்கள் சபையில் சுமார் 200 குடும்பங்கள். பிள்ளைகள் சென்னை, பெங்களூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். 31 வீடுகளில் வயதானவர்கள் தனியாகவோ, படுக்கையில் இருப்பவரை ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டோ இருக்கிறார்கள். பெண்கள் ஐக்கியச் சங்கத்திலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை 15 பேர் கிளம்பிப் போய், பாடி, ஜெபித்து, பழமும் பிஸ்கட்டும் கொடுத்து வருகிறோம். போன மாதம் ஒரு வீட்டில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், "இனிமே யாரும் வர வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கணவரை இழந்த இன்னொரு சகோதரி எட்டு மாதமாகக் கோவிலுக்கு வரவில்லை. இதை முறையான ஊழியமாக நடத்தும்படி ஐயர் (எங்கள் சபைப் போதகர்) சொல்கிறார். எங்கே ஆரம்பிப்பது, எங்கே தவறுகிறோம்?
பெண்கள் ஐக்கியச் சங்கச் செயலாளர், தென்மாவட்டச் சபை ஒன்றிலிருந்து

பதில் தருபவர்: வீட்டுமுறை வலி நிவாரண ஆதரவு சிகிச்சைச் செவிலியர், தன்னார்வலர் பயிற்றுநர்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மருமகளின் பக்கத்திலிருந்து அந்தச் சனிக்கிழமையை ஒருமுறை பாருங்கள். 15 பேர் வருகிறார்கள் என்று காலையிலேயே தகவல் வந்திருக்கும். வீட்டைப் பெருக்கி, மாமியாருக்கு டயப்பர் மாற்றி, நாற்றம் தெரியாமல் ஊதுவத்தி கொளுத்தி, 15 பேருக்கும் காபி போட்டிருப்பார். நீங்கள் முக்கால் மணி நேரம் இருந்தபோது பத்து மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியது தள்ளிப்போயிருக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டிருப்பார்கள். "நீ தூங்கினியா?" என்று ஒருவராவது கேட்டார்களா? உங்கள் வருகையால் அவருக்கு ஒரு நாள் வேலை கூடியது. அவர் சொன்னது உங்கள் ஜெபத்துக்கு எதிரான வார்த்தை அல்ல.

ஆகவே முதல் மாற்றம்: 15 பேர் இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள். ஒரு வீட்டுக்கு எப்போதும் அதே இரண்டு பேர், வாரத்தில் அதே நாள், அதே நேரம். படுக்கையில் ஆள் இருக்கும் வீடு என்றால் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் பராமரிப்பவருடையது. அவர் குளிக்கலாம், தூங்கலாம், ரேஷன் கடைக்குப் போகலாம், சும்மா உட்காரலாம். என்ன செய்யப் போகிறார் என்று கேட்கக்கூட வேண்டாம். காபி வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு போங்கள். மாதம் ஒருமுறை பெருங்கூட்டமாகப் போவதைவிட வாரம் தவறாமல் இரண்டு பேர் போவது பராமரிப்பவரின் உடம்பைக் காப்பாற்றும். வியாழன் மூன்று மணிக்கு ஆள் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் அவர் தன் பல்வலிக்கு டாக்டரைப் பார்க்க நாள் குறிக்க முடியும். "எப்ப வேணாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இதற்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் தரக்கூடிய அக்கம்பக்கத்து ஆட்களைப் பயிற்றுவித்துத்தான் கேரளம் முழுக்கப் பரவியது. 2008இல் அந்த மாநில அரசே வலிநிவாரணத்துக்கென்று ஒரு கொள்கை அறிவித்தது. அங்கே தன்னார்வலர்களாக வந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவம் தெரியாத சாதாரண மனிதர்கள்.

உங்கள் கணக்குக்கு வருவோம். நீங்கள் ஒருங்கிணைப்பாளராக நின்றால் மீதி 14 பேர், 7 ஜோடி. ஒரு ஜோடிக்குப் படுக்கையில் ஆள் இருக்கும் வீடு (படுக்கை வீடு) ஒன்று, தனியாக இருப்பவர் வீடு இரண்டு. படுக்கை வீட்டுக்கு இரண்டு மணி நேரம், மற்ற இரண்டுக்கும் அரை அரை மணி நேரம், ஆக வாரத்துக்கு மூன்று மணி நேரம். இதில் 21 வீடுகள் அடங்கும். மீதிப் பத்து வீடுகளில் நடமாட்டமாக இருக்கும் பெரியவர்களை "விசாரிக்கப்பட வேண்டியவர்கள்" பட்டியலில் வைக்காதீர்கள், ஊழியர் பட்டியலில் சேருங்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடம், தனியாக இருக்கும் மூன்று பேரைத் தினமும் காலை ஏழு மணிக்குப் போனில் கூப்பிடும் பொறுப்பைக் கொடுங்கள். இரண்டு வார்த்தை பேசினால் போதும். எடுக்கவில்லை என்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி. அப்போதும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன். இதற்காக ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டு எண்ணும், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் எழுதி வைத்திருக்க வேண்டும். குளியலறையில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் ஒரு பகலும் இரவும் கிடப்பதுதான் தனியாக வாழும் முதியவர்களுக்கு நேரும் பெரிய ஆபத்து. இரவில் விழுந்தவர் காலை ஏழு மணி அழைப்பில் தெரியவருவார். (விழுந்தவரைப் பார்க்க நேர்ந்தால் உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அப்படியே வைத்து 108ஐ அழையுங்கள்.)

படுக்கை வீட்டில் பராமரிப்பவர் வெளியே போகும் முன் ஐந்து நிமிடம் எடுத்து மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மணி நேரத்தில் மாத்திரை, சாப்பாடு, திருப்பிப் படுக்க வைப்பது ஏதாவது வருகிறதா? தண்ணீர் குடித்தால் புரையேறுமா? ஏதாவது ஆனால் முதலில் யாருக்குப் போன்? புரையேறும் என்றால் நீங்கள் எதுவும் ஊட்ட வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குத் தொண்டைத் தசையும் பலவீனமாகிவிடுவதால், குடித்தவுடன் இருமலோ, தொண்டையில் நீர் நின்றதுபோல் கரகரத்த குரலோ வந்தால், அது மூச்சுக்குழாய்க்குப் போகிறது என்று அர்த்தம். நிமோனியா அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊட்டலாம் என்று வீட்டார் சொன்னாலும் முழுக்க விழித்திருக்கும்போது மட்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, டீஸ்பூன் அளவாக, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. பலவீனமான கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று கடைசியில் பாருங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது.

திருப்பிப் படுக்க வைப்பதை எல்லா ஜோடியும் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தனி ஆளாகச் செய்து செய்துதான் பராமரிப்பவரின் முதுகு போகிறது. பழைய பருத்திச் சேலை அல்லது வேட்டியை நான்காக மடித்து, படுத்திருப்பவரின் தோளிலிருந்து தொடைவரை அடியில் வருமாறு விரியுங்கள். இருபக்கமும் ஒவ்வொருவர் நின்று, துணியின் ஓரத்தை உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து தூக்கி நகர்த்துங்கள். கட்டிலில் சறுக்கிக் கீழே வந்தவரை அக்குளில் கைவைத்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு நழுவும், முதுகுத் தோல் விரிப்பில் உரசி உரியும். ஒருக்களிக்கும்போது முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்தால் பாரம் எல்லாம் இடுப்பெலும்பு முனையில் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை அளவு மட்டும் சாயுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும்.

மாற்றும்போதெல்லாம் வால் எலும்பு, குதிகால், இடுப்பு, கணுக்கால், தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா? அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு தெரியாமல் போகும். அதனால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, களிபோல மெத்தென்றோ இருந்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து விடுவது, பவுடர் போடுவது, ஜெப எண்ணெய் தடவுவது மூன்றும் கெடுதல். நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபிப்பதில் ஒரு தடையும் இல்லை. புண்ணில் வேண்டாம், விழுங்கச் சிரமப்படுபவர் வாயில் நிச்சயமாக வேண்டாம்.

ஏர் பெட் (மோட்டாரால் காற்று ஏறி இறங்கும் மெத்தை) வாங்கிப் போட்டுவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். திருப்பியே ஆக வேண்டும். அதன் மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். ஏர் பெட்டின் மேல் ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு மட்டும் போடலாம். ரெக்சின் ஷீட், அதன் மேல் ஜமக்காளம், அதன் மேல் கம்பளி என்று அடுக்கினால் காற்று மாறி மாறி ஏறி இறங்குவது உடம்பில் உறைக்காது. போதுமான காற்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: இடுப்பு அழுந்தும் இடத்தில் ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். உடம்பின் எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. ஒரு அங்குலமாவது காற்று நடுவே இருக்க வேண்டும்.

இனி பாட்டும் ஜெபமும். இவை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பல வீடுகளில் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஆனால் கட்டிலைச் சுற்றி நின்று மேலிருந்து பார்க்காமல், நாற்காலி போட்டுக் கண்மட்டத்தில் உட்காருங்கள். நல்ல காது எது என்று கேட்டு அந்தப் பக்கம் ஒருவர் மட்டும் பேசுங்கள். கத்தினால் கேட்காது, தாழ்ந்த குரலில் நிறுத்திப் பேசினால் கேட்கும். கஞ்சிராவும் கைதட்டலும் அந்தச் சிறிய அறைக்கு வேண்டாம். பாமாலையிலோ பழைய கீர்த்தனையிலோ அவர் சிறுவயதில் பாடியது எது என்று வீட்டாரிடம் கேட்டு இரண்டு சரணம் பாடுங்கள். மறதி நோயில் பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோனவர்கள்கூட அந்த வரிகளைக் கூடவே பாடுவதுண்டு. சங்கீதம் 23ம் 121ம் தெரிந்த பகுதிகள் என்பதால் துணையாகும். குணமாகும் வாக்குத்தத்தங்களை மட்டுமே தேடித்தேடி வாசித்தால், குணமாகாதவர் தன் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணிக் குமைவார். சங்கீதம் 13 போலப் புலம்பும் சங்கீதங்களும் வேதத்தில்தானே இருக்கின்றன, அவற்றையும் வாசியுங்கள்.

திருவிருந்து கொடுக்க ஐயர் வரும் வீடுகளில், விழுங்குவதில் சிரமம் இருந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். அப்பத்தின் சிறு துணுக்கைத் திராட்சரசத்தில் ஊறவைத்து, நிமிர்த்தி உட்கார வைத்தபின் ஸ்பூனில் கொடுக்கலாம். மூக்குக் குழாய் வழியாக உணவு எடுப்பவருக்கு என்ன செய்வது என்பதை ஐயர் முடிவு செய்யட்டும். ஆனால் அவரைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் உங்கள் ஜோடிகள் எல்லோரும் ஒரே வார்த்தையில் நிற்க வேண்டும். யாரும், எந்தச் சாட்சியின் உற்சாகத்திலும், "மாத்திரையை நிறுத்திட்டு விசுவாசியுங்க" என்று சொல்லக் கூடாது. அடுத்தது, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரை உபவாச ஜெபத்துக்குக் கூப்பிடக் கூடாது. வயதானவர்களுக்கு மாத்திரையின் வேகம் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும். சாப்பாடு தவறினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு வந்தால், விழுங்க முடிகிற நிலையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். தேறினாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. நேற்றுவரை தெளிவாக இருந்த பெரியவர் இரண்டே நாளில் ஆளை மாற்றிப் பேசுகிறார், சுவரில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார், இரவெல்லாம் தூங்கவில்லை. இதை வயசு என்று விடவும் கூடாது, பிசாசு என்று கையை வைக்கவும் கூடாது. சிறுநீர்த் தொற்று, பல நாள் மலச்சிக்கல், இரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவையே பெரும்பாலும் காரணம். அன்றைக்கே டாக்டரிடம் போனால் பலருக்குத் தெளிந்துவிடும். மாதக் கணக்கில் மெல்ல வரும் மறதி வேறு. அங்கே "என்னைத் தெரியுதா, சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். "நான் மேலத்தெரு எஸ்தர் வந்திருக்கேன் பாட்டி" என்று நீங்களே சொல்லுங்கள். இறந்துபோன கணவரைத் தேடுகிறார் என்றால் ஒவ்வொரு முறையும் "தாத்தா செத்துட்டாங்களே" என்று சொல்வது, ஒவ்வொரு முறையும் புதிதாகத் துக்கச் செய்தி சொல்வதாகும். "தாத்தாவை நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா, அவங்க என்ன வேலை பார்த்தாங்க?" என்று பேச்சைத் தொடருங்கள்.

பழமும் பிஸ்கட்டும் பற்றி. சர்க்கரைக்காரர் வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டுகள் குவிகின்றன. சிறுநீரகம் கெட்டவருக்கு வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைக்கக் கூடும். அந்தக் காணிக்கைப் பணத்தை வேறு வழியில் திருப்புங்கள். பெரியவர்களுக்கான டயப்பர் (படுத்தே இருப்பவருக்கு ஒட்டும் வகை, நடப்பவருக்கு ஜட்டி வகை, இடுப்பளவு கேட்டு வாங்க வேண்டும்), கட்டிலில் விரிக்கும் அண்டர்பேட், கையுறை ஆகியவையே வீட்டுச் செலவில் பெரிதாகக் கடிக்கின்றன. அதைவிடவும் நல்லது, கோவில் வளாகத்தில் ஒரு அலமாரி வைத்துச் சாமான் வங்கி நடத்துவது. வாக்கர், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, முதுகுச் சாய்வுப் பலகை, பெட்பேன், ஏர் பெட். அம்மா இறந்தபின் பரணில் கிடக்கும் இந்தச் சாமான்களைக் கொடுக்கப் பல வீடுகள் தயாராக இருக்கும். யாருக்கு, எந்தத் தேதியில் போனது, எப்போது திரும்பியது என்று ஒரு நோட்டும், திரும்பி வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ப்ளீச்சிங் கரைசலில் துடைத்து வெயிலில் காயவைக்க ஒரு ஆளும் இருந்தால் போதும். வாக்கரின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றாமல் கொடுக்காதீர்கள், வழுக்கி விழுவது அதனால்தான்.

அடுத்து துக்க வீடு. நம் சபைகள் அடக்க நாளில் நன்றாகவே நிற்கின்றன. பந்தல், பெட்டி, கல்லறை, சாப்பாடு எல்லாவற்றையும் பத்துப் பேர் எடுத்துக்கொள்வார்கள். குறை அதற்குப் பிறகுதான். இரண்டு வாரத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள், வீடு அமைதியாகும், துக்கம் அப்போதுதான் முழுதாக இறங்கும். அடக்கம் முடிந்த அன்றே உங்கள் பதிவேட்டில் தேதிகளைக் குறித்து வையுங்கள்: பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும் மறுநாள், ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், இறந்தவரின் பிறந்த நாள், திருமண நாள், முதல் கிறிஸ்மஸ், முதலாம் ஆண்டு. நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு எல்லோரும் வருவார்கள். திருமண நாளில் யாரும் வர மாட்டார்கள். நீங்கள் போங்கள்.

போய் என்ன பேசுவது? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள், வாயைத் திறந்த பிறகே கெடுத்தார்கள். "கர்த்தருடைய சித்தம்", "கிடையில கிடக்காம போயிட்டாங்க, நல்ல சாவு", "அழக்கூடாது, பரலோகத்துல இருக்காங்க", "பிள்ளைகளுக்காகத் தைரியமா இரு": இவற்றில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் அழுகிறவரின் வாயை அடைக்கிறது. இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். "அண்ணன் கொயர்ல நிக்கிற இடம் ஞாயித்துக்கிழமை கண்ணுல பட்டுச்சு" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பேசுவார்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) என்று சில பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்தையும் எழுதியது தன் மரணத்தை எதிர்நோக்கும் நோயாளிகளைப் பற்றி. அதை வைத்து விதவைகளுக்கு "இன்னும் கோபப் படியில் இருக்கிறாள்" என்று மதிப்பெண் போட வேண்டாம். 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் சொன்னது வீட்டில் காண்பதோடு பொருந்துகிறது: துக்கப்படுகிறவர் இழப்புக்கும் அன்றாடக் காரியங்களுக்கும் மாறி மாறிப் போய் வருகிறார். காலையில் விம்மி அழுதவர் சாயங்காலம் சீரியல் பார்த்துச் சிரிக்கிறார். அதில் வேஷம் எதுவும் இல்லை, உடம்பு எடுத்துக்கொள்ளும் ஓய்வு அது.

கோவிலுக்கு வராத சகோதரிக்கு "ஏன் வரலை?" என்ற கேள்வி வேண்டாம். பாட்டு ஆரம்பித்ததும் அழுகை வந்துவிடும் என்ற பயமா, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்ற கூச்சமா, பூவும் பொட்டும் இல்லாமல் வர மனமில்லையா என்று உங்களுக்குத் தெரியாது. அவரோடு நெருக்கமான ஒருத்தி ஞாயிறு காலை வீட்டுக்கே போய் அழைத்து வந்து, வாசலருகே பக்கத்தில் உட்காரட்டும், வேண்டும் என்றால் பாதியில் இருவரும் எழுந்து போகலாம் என்ற ஒப்பந்தத்தோடு. பெரிய ஆராதனைக்கு முன்னால் வாரநாள் ஜெபக்கூட்டம் எளிது. கல்யாண வீட்டில் மங்கலக் காரியங்களின்போது விதவைகளை ஓரமாக நிறுத்தும் பழக்கம் கிறிஸ்தவ வீடுகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் சங்கம் நடத்தும் நிகழ்ச்சிகளிலாவது வேதபாடம் வாசிக்க, ஆசீர்வாதம் சொல்ல அவர்களை முன்னால் நிறுத்துங்கள், பார்க்கிறவர்களும் பழகிக்கொள்வார்கள்.

எட்டு மாதம் என்பதே நோய் அல்ல. நீடித்த துக்கத்தை நோயாகக் கணிக்க உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 6 மாதமும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வகைப்பாடு 12 மாதமும் வைக்கின்றன. நாள் கணக்கு மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கை நின்றுபோயிருக்க வேண்டும். சமைக்கிறாரா, குளிக்கிறாரா, எடை குறைந்துவிட்டதா, தூங்குகிறாரா என்று பாருங்கள். "நானும் போயிடணும்" என்று சொன்னால் பேச்சை மாற்றாமல் நேராகக் கேளுங்கள்: "உயிரை மாய்ச்சுக்கணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்பதால் எண்ணம் வராது. ஆம் என்றால் அன்று அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, மீந்துபோன தூக்க மாத்திரை இருந்தால் எடுத்துவிடுங்கள், மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள், மனநல மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

மனைவியை இழந்த ஆண்களை மறந்துவிடாதீர்கள். பெண்கள் சங்கம் போவதற்குக் கூச்சம் இருந்தால் ஆண்கள் ஐக்கியச் சங்கத்திலிருந்து ஒரு ஜோடி வேண்டும். சோறு வடிக்கத் தெரியாதவர் பன்னும் டீயும் குடித்தே நாளைக் கடத்துவார். சமைத்த சாப்பாட்டை ஆறு மாதம் தூக்கிக்கொண்டு போவதைவிட, குக்கரில் பருப்பும் சோறும் வைக்கக் கற்றுக்கொடுப்பது அவருக்கு நீண்ட காலம் உதவும்.

ஆண்டுக்கணக்கில் பராமரித்தவர்களின் துக்கம் தனி ரகம். ஒருவர் போனபின் "அப்பாடா" என்று ஒரு மூச்சு வரும், அடுத்த நிமிடமே "இப்படி நினைச்சேனே" என்று குற்ற உணர்வு குத்தும். சீக்கிரம் போய்விட்டால் நல்லது என்று ராத்திரியில் நினைத்ததைச் சொல்லி அழுவார்கள். "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று தடுக்காதீர்கள். "அவங்க வேதனை முடியணும்னு நினைச்சீங்க, உங்க களைப்பும் முடியணும்னு நினைச்சீங்க" என்று சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டுமே உண்மை. பராமரித்த காலத்தில் தள்ளிப்போட்ட பிரஷர், சர்க்கரைப் பரிசோதனைக்கு அந்த மாதமே அழைத்துப் போங்கள்.

துக்க வீட்டில் காகித வேலைக்கு ஒரு ஆளை ஒதுக்குங்கள். வங்கி, தாலுகா ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் சபையில் கட்டாயம் இருப்பார். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறந்தவரின் பாஸ்புக்கில் 436 ரூபாய் அல்லது 20 ரூபாய் வருடம் ஒருமுறை பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, இரண்டாவது சுரக்ஷா விபத்துக் காப்பீடு, ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய். ஆயுள் காப்பீடு 55 வயதோடும் விபத்துக் காப்பீடு 70 வயதோடும் முடிந்துவிடும். வயது பொருந்தியும் வீட்டுக்குத் தெரியாததால் கேட்கப்படாமலே போகும் பணம் இது. வாரிசுச் சான்று, குடும்ப ஓய்வூதியம் இரண்டையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் உங்களில் யாரும் ஏடிஎம் கார்டையோ ரகசிய எண்ணையோ வாங்கக் கூடாது, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் போடக் கூடாது.

வலியைப் பற்றி ஒன்று. புற்றுநோய் வலியில் துடிப்பவரிடம் அதைச் சிலுவை என்று சொல்லிச் சுமக்க வைக்காதீர்கள். வாய்வழி மார்ஃபின் மாத்திரை முறையாகக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வலி அடங்கும். "அது போதை மருந்து, பழகிடும்" என்ற பயத்தில் குடும்பமே மறுக்கும். டாக்டர் சொன்ன அளவில் வலிக்கு எடுப்பவர் அடிமையாவது அரிது. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதனால் கூடவே மலமிளக்கி கேட்டு வாங்க வேண்டும். 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டபின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருப்பது எளிதாகியிருக்கிறது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் படுக்கை நோயாளி வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 21 வீடுகளின் பட்டியலில் யார் யார் பதிவாகியிருக்கிறார்கள் என்று முதல் மாதமே சரிபாருங்கள். அந்தச் செவிலியரையே ஒரு சனிக்கிழமை அழைத்து, மேலே சொன்ன திருப்புதல், ஊட்டுதல் இரண்டையும் எல்லா ஜோடிக்கும் கட்டிலில் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

அடி, பட்டினி, பூட்டி வைத்தல் கண்ணில் பட்டால் அந்த வீட்டிலேயே சண்டை போடாதீர்கள், நீங்கள் போனபின் அதன் பலனை அனுபவிப்பவர் அந்தப் பெரியவர்தான். தனியாக அவரிடம் கேட்டு, முதியோர் உதவி எண் 14567க்கோ சமூக நலத்துறைக்கோ சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அந்தச் சட்டம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு வழிசெய்கிறது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்காவிட்டால் பிரிவு 23இன்படி ரத்து செய்யக் கேட்கலாம். களைத்துப்போய் ஒருநாள் கத்திவிட்ட மருமகளையும் திட்டமிட்டுப் பட்டினி போடுபவரையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். முதலாமவருக்குத் தேவை ஆள் உதவி.

உங்கள் ஊழியம் எங்கே உடையும் என்றால், பெரும்பாலும் ஜெபவிண்ணப்பத்தில்தான். "இன்ன அம்மாவுக்குக் கர்ப்பப்பை புற்றுநோய், மகன் பார்ப்பதில்லை, ஜெபியுங்கள்" என்று மைக்கில் சொன்னால் அந்த வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். பெயர் சொல்லலாமா, எதுவரை சொல்லலாம் என்று வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் படம் ஒன்றும் வேண்டாம். பதிவேட்டில் நான்கு பத்திகள் போதும்: தேதி, போனவர்கள், என்ன தேவை, அடுத்த தேதி. நோய் விவரமும் குடும்பச் சண்டையும் அதில் ஏறக் கூடாது.

மாதம் ஒருமுறை ஜோடிகள் எல்லோரும் ஐயரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். மரணம் நடந்த வீட்டுக்குப் போய்வந்த ஜோடிக்கு அந்த வாரம் வேறு வீடு கொடுக்க வேண்டாம். தன் வீட்டில் அண்மையில் துக்கம் நடந்தவர் ஒரு வருடத்துக்குத் துக்க வீட்டு ஜோடியில் வேண்டாம், காலை போன் அழைப்பில் சேரட்டும். யாராவது வர முடியாத வாரத்தில் அதை முந்தின நாளே வீட்டுக்குச் சொல்லி மாற்று ஆளை அனுப்புவது உங்கள் பொறுப்பு. முதல் மூன்று மாதத்துக்கு ஏழு படுக்கை வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அது தடங்கலில்லாமல் ஓடிய பிறகு மற்ற வீடுகளுக்குப் போங்கள்.

பதிவேட்டின் உள் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டியவை: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மனநல உதவி 14416, முதியோர் உதவி 14567, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரின் எண், சாமான் அலமாரியின் சாவி வைத்திருப்பவரின் எண்.